எண்ணாத செங்கற்கள்

பகுதி 9

ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு அடுத்து நினைவுக்கு வருவது கணக்கு, அதற்கடுத்தது கணினி. ஆட்டிச நிலையில் உள்ள ஒருவர் கணக்கில் புலியாக இருப்பார், பெரிய எண்களை மனத்துக்குள்ளேயே பெருக்குவார், கணினி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. சிலர் விஷயத்தில் அது உண்மை. மிகப் பலர் விஷயத்தில் உண்மை அல்ல. அந்த மிகப் பலர் எவர் கண்ணிலும் படாமல் போவதுதான் இந்த நம்பிக்கை செய்யும் தீங்கு.

ஒலியும் ஒளியும் தொடுதலும் ஆட்டிச நிலையாளர்களை எப்படித் தாக்குகின்றன என்பது சென்ற வாரத்தோடு முடிந்தது. இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது பெண் குழந்தைகளைப் பற்றி. அவர்களுக்கு ஆட்டிசம் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு இந்த மேதைக் கதையும் ஒரு காரணம் என்பதால், முதலில் இதைத் தீர்த்தாக வேண்டும்.

கதையை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது 1988 டிசம்பரில் வெளியான ‘ரெயின் மேன்’ என்ற ஹாலிவுட் படம். டஸ்டின் ஹாஃப்மன் அதில் ரேமண்ட் என்ற ஆட்டிச நிலையாளராக நடித்தார். உணவகத்தில் பல்குத்தும் குச்சிப் பெட்டி ஒன்று தரையில் சிதறுகிறது. ரேமண்ட் ஒரு பார்வை பார்த்து 246 என்கிறார். பெட்டியில் இருந்தவை 250. நான்கு குச்சிகள் உள்ளேயே தங்கிவிட்டன. லாஸ் வேகாஸ் சூதாட்ட மேசையில் சீட்டுகளை நினைவில் வைத்துத் தம்பிக்குப் பணம் வென்று கொடுக்கிறார். படம் நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதுவரை ஆட்டிசம் என்ற சொல்லையே அறியாத எத்தனையோ பேருக்கு அதுவே முதல் பாடமாயிற்று.

அதே படத்தில் ஒரு மருத்துவர் ரேமண்டைச் சோதிக்கும் காட்சியும் உண்டு. 312-ஐ 123-ஆல் பெருக்கச் சொன்னதும் 38,376 என்று விடை வருகிறது. ஒரு மிட்டாய் என்ன விலை என்று அடுத்த கேள்வி. நூறு டாலர் இருக்கும் என்கிறார் ரேமண்ட். புதிதாக ஒரு சிறிய கார்? அதுவும் நூறு டாலர்தான். ஒரு டாலரில் ஐம்பது சென்ட் செலவழித்தால் மீதி எவ்வளவு? எழுபது. எண்களைப் பெருக்குவது ஒரு திறன், கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருவது இன்னொரு திறன் என்பதைப் படம் ஒளிக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் மனத்தில் குச்சிகள் தங்கின, மிட்டாய் தங்கவில்லை.

ரேமண்டுக்கு முன்மாதிரியாக அமைந்தவர் கிம் பீக். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1951-ல் பிறந்து 2009-ல் மறைந்தவர். ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனப்பாடமாக வைத்திருந்தார். சட்டைக்குப் பித்தான் போட அப்பாவின் உதவி தேவைப்பட்டது. அவரை 1984-ல் சந்தித்த திரைக்கதை ஆசிரியர் பேரி மாரோ, படம் வென்றபின் தன் ஆஸ்கர் சிலையையே அவரிடம் கொடுத்துவிட்டார். கிம் போகும் இடமெல்லாம் அதை எடுத்துப்போய், பார்க்க வந்தவர்கள் கையில் கொடுத்து மகிழ்ந்தார். ஆனால் அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புப் பாலம் அவருக்குப் பிறவியிலேயே இல்லை. ஆட்டிசத்தின் முகமாக உலகம் மனத்தில் பதித்துக்கொண்ட பாத்திரம், ஆட்டிசம் இல்லாத ஒருவரிடமிருந்து வந்தது.

ஆனால் மேதைக் கதை சினிமாவோடு தொடங்கியதல்ல. அது ஆட்டிசத்தின் முதல் நோயாளிக் குறிப்பிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. 1943-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். எட்டு ஆண், மூன்று பெண். முதல் குழந்தை, மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-ல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட். ஆட்டிசம் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் வரிசையில் முதலாவது பெயர் அது.

டொனால்டுக்கு எண்கள் மேல் தீராத பிடிப்பு. தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் சூட்டினார். பல்லாண்டு கழித்துப் பார்த்தாலும் அந்த எண்ணைச் சொன்னார். 87-ஐ 23-ஆல் பெருக்கச் சொன்னபோது 2001 என்று உடனே விடை சொன்னதும் உண்டு. இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது செங்கல் கதை. பள்ளிப் பருவத்தில் உடன் படித்த பையன்கள் ஒரு செங்கல் கட்டடத்தைக் காட்டி, இதில் எத்தனை கல் என்று கேட்டார்கள். டொனால்ட் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். பையன்கள் வாயடைத்துப் போனார்கள். கதை ஊரைச் சுற்றியது, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் கற்களை எண்ணிப் பார்க்கவில்லை.

ஜான் டான்வன், கேரன் ஜக்கர் என்ற இரு பத்திரிகையாளர்கள் எழுபது வயதைக் கடந்த டொனால்டைத் தேடிப் போய், 2010-ல் அவரைப் பற்றி எழுதினார்கள். கற்களை எப்படி எண்ணினீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில் எளிமையானது. அவர் எண்ணவே இல்லை. வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லிவைத்தார். அந்தப் பையன்கள் தன்னை நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்பதே காரணம்.

இந்தப் பதில் இரண்டு பொய்களை ஒருசேர உடைக்கிறது. ஆட்டிச நிலையாளர் என்றால் மனிதக் கணிப்பான் என்பது ஒன்று. பிறர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கவலையே அவர்களுக்கு இராது என்பது மற்றொன்று. தனித்து நின்ற ஒரு பையனுக்குக் கூட்டத்தில் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் எதைக் கொடுத்தால் கிடைக்கும் என்பதும் தெரிந்திருந்தது. அவர்கள் கேட்டது மேதையை. அவர் மேதையைக் கொடுத்தார்.

டொனால்டின் வாழ்க்கை செழித்ததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 1942-ல், ஒன்பது வயதை நெருங்கியபோது, பெற்றோர் அவரைத் தங்கள் வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி வாழ்ந்த ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். 1945-ல் அங்கே நேரில் போன கானர் தான் கண்டதைப் பதிவு செய்திருக்கிறார். சிறுவன் எதையும் அளந்துகொண்டே இருப்பான். அந்தத் தம்பதி அவனைக் கிணறு வெட்ட வைத்து, ஆழத்தை அளந்து அளந்து சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கி வருவான். அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கினார்கள், அவன் ஒவ்வொரு குழிக்கும் பெயர்ப்பலகை நட்டு, இறந்த உயிருக்குக் குடும்பப் பெயராக அந்த விவசாயியின் பெயரையே எழுதிவைத்தான். மக்காச்சோளச் சால்களைத் திரும்பத் திரும்ப எண்ணுவான். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். கானர் பார்த்துக்கொண்டிருக்க, நீண்ட சால்கள் ஆறை உழுது முடித்தான். சால் முடிகிற இடத்தில் குதிரையை அவன் திருப்பிய நேர்த்தி கானரை வியக்க வைத்தது.

எண்ணும் பழக்கத்தைத் தடுக்கவும் இல்லை, மேடையேற்றி வித்தை காட்டவும் இல்லை. அதை ஏர்க்காலில் பூட்டினார்கள். சிறுவன் போன கிராமத்துப் பள்ளியும் அவன் போக்கை ஏற்றுக்கொண்டது. பிறகு டொனால்ட் கல்லூரியில் எடுத்த பாடம் பிரெஞ்சு மொழி. 1958-ல் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், தனியாகப் பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023 ஜூனில், 89 வயதில் மறைந்தார். குடும்பத்துக்கு வசதி இருந்தது, வங்கியும் தாய்வழி உறவினர் தொடங்கியதே. அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்த 11 பேரைக் கானர் 1971-ல் திரும்பத் தேடியபோது, பெரிய அரசுக் காப்பகங்களில் அடைபட்டவர்கள் தேறவில்லை. அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவர்களிடமும் சிறுவயதில் நினைவாற்றல் போன்ற திறன்கள் தென்பட்டிருந்தன. திறமையை மட்டும் வைத்து யாரும் கரையேறவில்லை.

இனி எண்ணிக்கை. ஏதேனும் ஒரு துறையில் மட்டும் வியக்கத்தக்க ஆற்றல் காட்டுவோரை ஆங்கில மருத்துவ உலகம் ‘சாவண்ட்’ என்கிறது. ‘ரெயின் மேன்’ படத்துக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் டாரல்ட் டிரெஃபர்ட் வாழ்நாள் முழுதும் இவர்களை ஆராய்ந்தவர். அவர் எடுத்துக்காட்டிய கணக்கு, ஆட்டிச நிலையாளர்களில் பத்தில் ஒருவர். அளவுகோலைத் தளர்த்திய சில ஆய்வுகள் இதைவிட அதிகம் சொல்கின்றன. ஆனால் அந்த ஆற்றல்கூட எப்போதும் கணக்கு அல்ல. இசை, ஓவியம், எந்தத் தேதிக்கு எந்தக் கிழமை என்று சொல்வது, இடத்தையும் தூரத்தையும் அளவிடுவது, கணக்கு என்று அது பிரிகிறது. அதிகம் காணப்படுவது இசை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-ல் எட்டு வயதுக் குழந்தைகளிடம் எடுத்த கணக்கில், நுண்ணறிவு எண் தெரிந்த ஆட்டிச நிலைக் குழந்தைகளில் 37.9 சதவீதம் பேருக்கு அது 70 அல்லது அதற்குக் கீழே, அதாவது அறிவுத்திறன் குறைபாட்டு எல்லையில் இருந்தது. அந்தக் குறைபாடு இல்லாத ஆட்டிச நிலையாளர்களின் கணிதத் திறனைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான கட்டுரை, அவர்களில் பெரும்பாலோர் கணக்கில் சராசரி என்றே கண்டது.

கணினித் துறைக் கதைக்கு ஓரளவு அடிப்படை உண்டு. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போன ஆட்டிச நிலை இளைஞர்களில் 34 சதவீதம் பேர் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புகளை எடுத்தார்கள் என்று 2013-ல் வெளியான ஆய்வு சொன்னது. பொது மாணவர்களில் அது 23 சதவீதம். சாய்வு இருப்பது உண்மை. ஆனால் அதே ஆய்வில், கல்லூரி வாசலை மிதித்த ஆட்டிச நிலை இளைஞர்களே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்பதில் ஒருவர். அந்த ஒருவரை மட்டும் வைத்து மற்ற எட்டுப் பேரின் படமும் வரையப்பட்டிருக்கிறது.

வேலைத் திட்டங்களும் அந்த ஒன்பதில் ஒருவரைத் தேடியே புறப்பட்டன. டென்மார்க்கில் தோர்கில் சோன்னே தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், 2004-ல் ஆட்டிச நிலையாளர்களை மென்பொருள் சோதனைக்கு அமர்த்தும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2013-ல் எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனமும் அந்த வழியில் இறங்கியது. அதன் முன்னோட்டம் நடந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நல்ல முயற்சிகள், பலருக்குச் சோறு போட்டவை. ஆனால் தோட்டவேலையோ, சமையலறையோ, நூலகமோ, அச்சகமோ பொருந்துகிற ஒருவருக்கு அப்படிப்பட்ட கதவு மிக அரிதாகவே திறக்கிறது.

டெம்பிள் கிராண்டின் உலகறிந்த ஆட்டிச நிலையாளர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியர். அவருக்கு இயற்கணிதம் கடைசிவரை ஏறவில்லை; மனத்தில் படமாக விரியாத எதுவும் அவருக்குப் பிடிபடுவதில்லை. தன்னைப் போலவே எல்லா ஆட்டிச நிலையாளர்களும் படங்களால் சிந்திப்பவர்கள் என்று 1995-ல் எழுதினார். சொற்களால் சிந்திப்பவர்களும் ஒழுங்கமைவுகளால் சிந்திப்பவர்களும் உண்டு என்று தெரிந்ததும், முன்பு நினைத்தது தவறு என்று வெளிப்படையாகத் திருத்திக்கொண்டார். தானே ஆட்டிச நிலையாளராக இருப்பவருக்கே ஒரே அச்சில் எல்லோரையும் வார்க்க முடியவில்லை.

லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயர், பாடகி சூசன் பாயில் என்று பட்டியலை நீட்டலாம். அப்படி நீட்டினால் கணித மேதை இறங்கிய நாற்காலியில் கலை மேதை ஏறி அமர்வார், அவ்வளவுதான். 2013-ல் வந்த ‘ஹரிதாஸ்’ தமிழ்ப் படம் கணக்குப் பக்கம் போகாமல் ஆட்டிச நிலைச் சிறுவன் ஒருவனின் அப்பாவைக் காட்டியது. போற்ற வேண்டிய முயற்சி. அங்கேயும் சிறுவன் ஓட்டத்தில் வெல்ல வேண்டியிருந்தது.

வெல்லாத பிள்ளையின் கதைதான் ஊரில் அதிகம். பேருந்தில் ஒரு தாய், பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஆடியபடி பத்து வயது மகன். முன் இருக்கைப் பெண்மணி அன்பாகவே கேட்கிறார்: “இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு தெறம இருக்குமாமேம்மா, இவனுக்கு என்ன வரும்?” அன்று காலைதான் அவன் முதன்முறையாகத் தானே செருப்பை மாட்டியிருப்பான். ஆறு மாதப் பயிற்சியின் பலன் அது. அதை அந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்ல அந்தத் தாய்க்கு வாய் வராது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு வேறு விதமான அடி: இவ்வளவு மதிப்பெண் எடுப்பவனுக்கு உதவி எதற்கு என்று, சாலை கடக்கத் தெரியாதவனைத் தனியே விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்திருக்கிறது. அதன்கீழ் கிடைக்கும் அங்கீகாரத்துக்குத் தனித்திறமை நிபந்தனை அல்ல. சட்டம் போடாத நிபந்தனையைப் பேருந்தும் பள்ளிக்கூடமும் கல்யாண வீடும் போட வேண்டியதில்லை. மக்காச்சோளச் சால்களை எண்ணிய சிறுவனிடம் அந்த விவசாயத் தம்பதி கேட்டது அன்றைய உழவை மட்டும்தான்.

எண்களையும் ரயில்களையும் கணினியையும் தேடிய கண்களுக்கு, குதிரைக் கதைகளிலோ ஒரு நடிகையின் படங்களிலோ ஊறிக்கிடந்த சிறுமியிடம் ஆட்டிசம் தெரியவில்லை. அந்தச் சிறுமிகள் அடுத்த வாரம்.

(தொடரும்)