ஓசைக்கும் பொருத்தம் வேண்டும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நிரல்பட்டுக் கிடக்கும் நம் ஊர்களில், றபானின் முழக்கமும் களிகம்பின் தட்டும் எட்டிய தூரமே விழாவின் எல்லையாக இருந்த காலம் ஒன்றுண்டு. இன்று மேடையென்றால் ஒலிபெருக்கியும் உடன் நிற்கின்றது. இசைக்குழுவினர் வந்தனர், அவர்களோடு பேஸ் கிற்றார் என்னும் தாழ்சுருதி நரம்புக் கருவியும் வந்தது. அதன் ஓசை செவியிற் புகுவதினும் நெஞ்சிற் படுவதே மிகுதி. பாட்டுக்கு அடித்தளம் இடுவது அதுவே.

இக்கருவிக்கென இளைஞர் பலர் சீட்டுக் கட்டியும் கடன்பட்டும் பேராற்றல் வாய்ந்த அம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்குகின்றனர். நம் பாடநூல் வழக்கில் அதற்கு விரியலாக்கி என்று பெயர். முன்பே கையிலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளோடு அதனை இணைக்கின்றனர். முதல் நிகழ்ச்சியிலேயே பெட்டி கருகிவிடுகின்றது. அல்லது விரியலாக்கி சூடேறி அடங்கிவிடுகின்றது. “யானை வலிமையுள்ளதைப் பூனைக்குப் பூட்டினீர்கள்” என்பார் பெரியோர். “பெட்டிதான் மட்டம்” என்பார் கடைக்காரர். இரண்டும் பாதி உண்மையே. ஆற்றல் பெரிதாயிருப்பது குற்றமன்று; பொருத்தம் பாராமையே குற்றம். அப்பொருத்தம் யாதென அறிதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் அது கைகூடும்.

மதகும் மின்னும்

வயலுக்கு நீர்பாய்ச்சும் நம்மவர்க்கு மின்சாரத்தை விளக்குதல் எளிது. குளத்து நீரின் உயரம் போன்றது மின்னழுத்தம்; வாய்க்காலில் ஓடும் நீர் போன்றது மின்னோட்டம்; மதகின் ஒடுக்கம் போன்றது தடை. மதகு ஒடுங்கினால் ஓட்டம் குறையும். அகன்றால் ஓட்டம் பெருகும். இவ்வுறவைக் கணித வாய்பாடாக்கி 1827ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டவர் ஜேர்மனியரான ஓம் என்பவர். கொலோன் நகரத்து உயர்பாடசாலையொன்றிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர் அவர். தடையின் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது.

ஸ்பீக்கரினுள் காந்தத்துக்கிடையே அசைவது ஒரு செப்புக் கம்பிச் சுருள். அது வெறும் தடையன்று. ஓசையின் சுருதிக்கேற்ப அதன் தடுப்பு ஏறியும் இறங்கியும் நிற்கும். ஆகவே அதனைத் தடங்கல் என்பர். பெட்டியின் பின்புறத்திற் பொறித்துள்ள 4 ஓம், 8 ஓம் என்பவை பெயரளவான தடங்கல்களே. 8 ஓம் பெட்டியை மல்ரிமீற்றரால் அளந்தால் ஏறத்தாழ 6 அல்லது 7 ஓம் காட்டும், அது பழுதன்று.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். 4 ஓம் தடங்கலில் 1000 வாற்று வழங்கவல்ல விரியலாக்கி ஒன்று உள்ளதெனக் கொள்க. அப்போது அது வெளியிடும் அழுத்தம் ஏறத்தாழ 63 வோல்ட்; ஓட்டம் ஏறத்தாழ 16 அம்பியர். அதிலே ஒரேயொரு 8 ஓம் பெட்டியை இணைத்தால் ஓட்டம் பாதியாகும். ஆற்றலும் ஏறத்தாழ 500 வாற்றாகக் குறையும். இதனால் விரியலாக்கிக்குக் கேடில்லை. 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்கம் பக்கமாக, அதாவது சமாந்தரமாக இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். பெட்டிக்கு 500 வாற்று வீதம் முழு ஆற்றலும் கிட்டும். மூன்றாயின் 2.67 ஓம், நான்காயின் 2 ஓம். நான்கு பெட்டி பூட்டினால் விரியலாக்கியிடம் 32 அம்பியர் அளவான ஓட்டத்தைக் கேட்கின்றோம். அத்தனை மதகுகளையும் ஒருங்கே திறந்தால் எந்த வாய்க்காற்கரை தாங்கும்? காப்புச் சுற்று இருப்பின் கருவி தானே அடங்கும். இல்லையெனில் திரான்சிற்றர்கள் எரிந்துபோகும். விரியலாக்கியின் முதுகில் “குறைந்தபட்சம் 4 ஓம்” என்றிருந்தால் அதுவே வட்டவிதானையார் கட்டளை. அதற்குக் கீழே இறங்குதல் கூடாது.

இரண்டு நுட்பங்களை இங்கே குறித்துக்கொள்ளுதல் நன்று. 4 ஓம் பெட்டியொன்றையும் 8 ஓம் பெட்டியொன்றையும் சமாந்தரமாக இணைத்தால் இரண்டும் சமபங்கு பெறா. 4 ஓம் பெட்டி மற்றையதைப் போல் இருமடங்கு ஆற்றலை உண்ணும். பெரும்பாலும் அதுவே முதலிற் கருகும். இரட்டைக் கால்வாயுள்ள மேடை விரியலாக்கிகளிலே இரண்டையும் ஒன்றாக்கி ‘பிரிட்ஜ்’ செய்யும் வழக்கம் உண்டு. அப்போது ஒவ்வொரு கால்வாயும் பெட்டியின் தடங்கலிற் பாதியையே காணும். 4 ஓம் பெட்டியைப் பூட்டினால் ஒவ்வொரு கால்வாய்க்கும் அது 2 ஓம். பேராற்றல் விரும்புவோர் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுவே.

பழைய வால்வு விரியலாக்கியின் இயல்பு வேறு. அதன் வெளியீட்டு மின்மாற்றிக்குப் பெட்டியின் சுமை இருந்தே ஆகவேண்டும். பெட்டியின்றி அதனை முழங்கச் செய்தால் மின்மாற்றியில் அழுத்தம் எழுந்து அதனையே கெடுக்கும். திரான்சிற்றர்க் கருவிக்கோ பெட்டியில்லாமை தீங்கன்று. கம்பிகள் ஒன்றோடொன்று முட்டுதலே தீங்கு. ஒன்றன் மருந்து மற்றொன்றன் நஞ்சு.

வரலாற்றில் ஒரு பொருத்தம்

அமெரிக்கரான லியோ ஃபெண்டர் தம் பிரசிஷன் பேஸ் கிற்றாரை 1951இல் வெளியிட்டார். மறு ஆண்டே அதற்கென பேஸ்மன் என்னும் விரியலாக்கியையும் உருவாக்கினார். மேடைகள் பெருகப் பெருக அச்சிறு கருவி போதாதாயிற்று. 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாற்று ஆற்றலுடைய எஸ்.வி.ரி. என்னும் வால்வு விரியலாக்கியை வெளியிட்டது. அக்காலத்திற் கிற்றார் உலகுக்கு அது மலைப்பூட்டும் அளவு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுலாவில் அதனைப் பயன்படுத்தினர்.

அவ்வாற்றலை அந்நிறுவனத்தார் எவ்வாறு தாங்கவைத்தனர் என்பதே நமக்குப் பாடம். ஒரு பெரிய ஸ்பீக்கரை நம்பாமல், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டை ஒரே பெட்டியில் அடுக்கினர். ஒவ்வொன்றும் 32 ஓம். எட்டும் சமாந்தரமாகச் சேர 4 ஓம். பெட்டியின் உள்ளே மூடிய அறைகள் நான்கு. அறைக்கு இரண்டு ஸ்பீக்கர். இத்தகைய பெட்டிகள் இரண்டை ஒரு விரியலாக்கிக்குத் துணையாக்கினர். இரண்டும் சேர 2 ஓம். விரியலாக்கியும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டிருந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது இதுதான்.

வாற்றும் செவியும்

வாற்று இருமடங்காயின் ஓசையும் இருமடங்காகும் என்பது பலரது எண்ணம். அஃது உண்மையன்று. ஆற்றல் இருமடங்கானால் ஓசை 3 தெசிபெல் மட்டுமே ஏறும். செவிக்கு அது சிறிய மாற்றம். ஓசை இருமடங்காயிற்று என்று செவி உணர்வதற்கு ஏறத்தாழ 10 தெசிபெல், அஃதாவது பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். ஆனால் ஒரு பெட்டியோடு அதே இனத்து இன்னொரு பெட்டியைச் சமாந்தரமாகச் சேர்த்தாலோ, விரியலாக்கி அதற்கு இடங்கொடுப்பின், தாழ்ந்த சுருதிகளில் ஏறத்தாழ 6 தெசிபெல் வரை கிட்டும். காற்றைத் தள்ளும் கூம்பின் பரப்பும் இரட்டிக்கின்றது. பெறும் ஆற்றலும் இரட்டிக்கின்றது. கையிலுள்ள பணத்திற்குப் பெரிய விரியலாக்கியா, இரண்டாவது பெட்டியா என மயங்குவோர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பாராக.

அங்ஙனமாயின் பேராற்றல் எதற்கு? நரம்பைச் சுண்டும் அக்கணத்தில் எழும் ஓசை சராசரி ஓசையினும் பன்மடங்கு உயர்ந்தது. சராசரியாக 50 வாற்றே செலவாகும் இசையில், சுண்டும் கணத்தில் 500 வாற்று வேண்டப்படலாம். அதனை வழங்க இயலாத விரியலாக்கி அலையின் முடியை வெட்டிவிடும். வெட்டுண்ட அலை தட்டையாகிப் பரந்து, சராசரி ஆற்றலை உயர்த்தும். முற்றாக வெட்டுண்டால் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே 300 வாற்றுப் பெட்டிக்கு 300 வாற்று விரியலாக்கியே போதும் என்று வாங்கி, அதனைக் கதறக் கதற முறுக்குபவர் பெட்டிக்கு 600 வாற்றை ஊட்டுதலுங் கூடும். பெட்டி தாங்கும் அளவினும் ஒன்றரை அல்லது இருமடங்கு ஆற்றலுள்ள கருவியை வாங்கி, அதனை அடக்கமாகப் பயன்படுத்துவோர் பெட்டியோ நெடுநாள் வாழும். குமிழைத் திருகும் விரலில் அடக்கம் இல்லையெனில் அதே கருவி ஒரே இரவிற் சுருளை எரித்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

பெட்டியும் ஒரு வாத்தியமே

றபானைத் தணலிற் காட்டித் தோலை இறுக்கிய பின்னரே நம்மவர் கையால் தொடுவர். வட்டமும் தோலும் கையும் ஒன்றுக்கொன்று இயைந்தாலன்றி நாதம் பிறவாது. ஸ்பீக்கரும் அதனை அடக்கிய பெட்டியும் அவ்வாறே. இவ்வியைபை அளந்து கூறும் முறையை அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் வகுத்தார்; றிச்சட் சிமோல் என்பார் 1970களில் அதனை விரித்தார். இன்று உலகெங்கும் பெட்டி செய்வோர் இவ்விருவர் பெயரால் வழங்கும் அளவைகளையே கைக்கொள்கின்றனர்.

நான்கு நரம்புப் பேஸ் கிற்றாரின் அடிநரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. அவ்வோசையின் அலைநீளம் எட்டு மீற்றருக்கு மேல். ஐந்து நரம்புக் கருவியின் அடிநரம்பு 31 முறையே அதிரும். துளையுள்ள பெட்டிகளில், துளைக்குரிய சுருதிக்குக் கீழே ஓசை இறங்கினால் உள்ளிருக்கும் காற்று கூம்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை. பிடியற்ற கூம்பு வரம்பு கடந்து பாய்ந்து கிழியும். வாற்றுக் கணக்குச் சரியாயிருந்தும் பெட்டி அழிவது இவ்வழியால்தான். ஏறத்தாழ 30 முதல் 40 ஹேர்ட்ஸ் வரையிலான எல்லைக்குக் கீழ்ப்பட்டவற்றைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை இடையில் வைத்தால் இத்தீங்கு பெரிதும் நீங்கும். இணைப்புக்குரிய கம்பியும் தடித்ததாயிருத்தல் வேண்டும். கிற்றாரை விரியலாக்கியோடு இணைக்கும் மெல்லிய கம்பி, பெட்டிக்குச் செல்லும் ஓட்டத்தைத் தாங்கும் தகுதியற்றது.

அளவறிந்த முழக்கம்

பொருத்தத்தின் கடைசி உறுப்பு கேட்பவர் செவி. 85 தெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் தாங்கலாம் என்பதும், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 3 தெசிபெலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்பதும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவகம் வகுத்த அளவு. இதன்படி 100 தெசிபெலுக்கு உரிய நேரம் கால் மணியே. பெட்டியின் அருகே நிற்கும் இசைஞரும், முன்வரிசையில் அமரும் சிறுவரும் மணிக்கணக்கில் அதற்கு ஆளாகின்றனர். எரிந்த சுருளை மாற்றிக் கட்டலாம். செவியினுள்ளே அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி நம் நாட்டு உயர் நீதிமன்றம் 2007இல் வழங்கிய தீர்ப்பும் இவ்விடத்து நினையத்தக்கது.

மின்னும் ஓமும் தமிழாசிரியர்க்கு ஏன் என்று வினவுவோரும் உளர். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் தமிழ்ப் பண்டிதர். அவரே விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணிதங்கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை உலகுக்கு அளித்தார். ஓசையை எண்ணால் அளத்தல் இக்கரைக்குப் புதிதன்று.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை தண்ணுமையாசிரியனுக்கு ஓர் இலக்கணம் வகுக்கின்றது. பிற கருவிகளிற் குறைவு நேருமிடத்து நிரப்பவும், மிகுதி நேருமிடத்து அடக்கவும் அவன் வல்லவனாதல் வேண்டும். பேஸ் கிற்றார் வாசிப்பவர்க்கும் தொழில் அதுவே. ஆயிரம் வாற்றுக் கருவியை வாங்கும் இளைஞர், கடையிலேயே அதனைத் திருப்பி முதுகிற் பொறித்த ஓமைப் படிக்கட்டும். பின்னர்த் தம் பெட்டிகளின் ஓமை வகுத்துப் பார்க்கட்டும். அதன் பின்னர் விலை பேசட்டும்.