பாயிண்ட்டில் வாங்கிய மிக்ஸி

செலவு செய்யும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு 25 காசு. இந்தியக் கிரெடிட் கார்டுகளில் பரவலாகக் காணப்படும் கணக்கு இது. சிறுசேரி ஐ.டி. பூங்காவிலோ மகேந்திரா சிட்டியிலோ வேலை பார்க்கும் ஒருவர் வருடத்தில் 2 லட்சம் ரூபாயைக் கார்டில் தேய்த்தால் 2,000 பாயிண்ட் சேரும். ஆப்பில் பார்க்க அந்த எண் பெரிதாகத்தான் இருக்கும். ரூபாயாக்கினால் 500. செலவில் கால் சதவீதம்.

வங்கி ஏன் இதைத் தருகிறது? கார்டில் வாங்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் வங்கிகளுக்கும் கார்டு நிறுவனத்துக்கும் ஒரு சிறு சதவீதம் கட்டுகிறார். அதிலிருந்து ஒரு பங்குதான் பாயிண்ட்டாக வாடிக்கையாளரிடம் திரும்புகிறது. மாமல்லபுரத்துச் சிற்பக் கடைகளில் இந்தக் கணக்கு வெளிப்படையாகவே தெரியும். 5,000 ரூபாய் மாக்கல் சிலைக்குக் கார்டை நீட்டினால், “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் சார்” என்று சொல்லும் கடைகள் உண்டு. கூடுதலாகப் போவது 100 ரூபாய். கால் சதவீதக் கார்டில் திரும்பி வருவது 50 பாயிண்ட், அதாவது 12 ரூபாய் 50 காசு. அந்த இடத்தில் ஜி-பே செய்துவிட்டு நடப்பவரே கெட்டிக்காரர்.

ஆன்லைன் கடைகளில் இந்தக் கூடுதல் கேட்கப்படுவதில்லை, பாயிண்ட்டும் அதிகம். எஸ்.பி.ஐ. கார்டின் சிம்ப்ளிகிளிக் வகையில் குறிப்பிட்ட சில தளங்களுக்கு 10 மடங்கு பாயிண்ட்டும், மற்ற ஆன்லைன் செலவுகளுக்கு 5 மடங்கும் தருவது வழக்கம். பாயிண்ட் 25 காசு என்றே வைத்தால் முறையே இரண்டரை சதவீதம், ஒன்றேகால் சதவீதம். அமேசான் பே ஐ.சி.ஐ.சி.ஐ. கார்டு இந்தப் பெருக்கல் கணக்குக்கே போவதில்லை. அமேசானில் வாங்கினால் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதம், மற்றவருக்கு 3 சதவீதம், ரூபாய்க்கு ரூபாயாகவே அமேசான் பே இருப்பில் வந்து சேரும். ஆண்டுக் கட்டணமும் கிடையாது. புதிதாகக் கார்டு எடுப்பவருக்கு, மதிப்பை வேறொருவர் நிர்ணயிக்கும் பாயிண்ட்டைவிட இப்படி ரூபாயாக வருவது எவ்வளவோ மேல். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட்டே கிடையாது.

சேர்ப்பது இவ்வளவுதான். லாபமோ நஷ்டமோ முடிவாவது அதை மாற்றும் இடத்தில்தான், ஏனென்றால் ஒரே பாயிண்ட்டுக்கு ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு விலை. எச்.டி.எஃப்.சி. வங்கியின் ரெகாலியா வகைக் கார்டுகளை எடுத்துக்கொள்ளலாம். வங்கியின் தளம் வழியாக விமான டிக்கெட், ஹோட்டல் என்று போனால் பாயிண்ட்டுக்கு 50 காசு. பொருளாகவோ வவுச்சராகவோ எடுத்தால் 35 காசு வரை. கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் 20 காசு. ஆக, 15,000 பாயிண்ட் வைத்திருப்பவரின் கையில் இருப்பது 7,500 ரூபாயா, 5,250 ரூபாயா, 3,000 ரூபாயா என்பது அவர் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்பதைப் பொறுத்தது.

இப்போது மிக்ஸிக்கு வரலாம். செங்கல்பட்டில் ஒரு வீட்டில் பழைய மிக்ஸி புகைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் ரிவார்டு காட்டலாக்கில் ஒரு மிக்ஸி 15,000 பாயிண்ட்டுக்குக் கிடைக்கிறது. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை 5,250 ரூபாய். 35 காசுக் கணக்கு சரியாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த விலைக்கு மிக்ஸி வாங்குபவர் யார்? அதே மாடல் ஆன்லைன் தளத்தில் 3,900 ரூபாய் என்றால், காட்டலாக்கில் எடுத்தவருக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு உண்மையில் கிடைத்தது 26 காசு. அதே 15,000 பாயிண்ட்டை முதலில் ஷாப்பிங் தளத்தின் வவுச்சராக மாற்றியிருந்தால் 5,250 ரூபாய் கையில் வந்திருக்கும். மிக்ஸியையும் வாங்கி, மீதி 1,350 ரூபாயில் ஒரு குக்கரும் பார்த்திருக்கலாம். பில்லில் கழித்திருந்தால் 3,000 ரூபாயோடு முடிந்திருக்கும். மிக்ஸி உண்மையிலேயே தேவைப்படும் வீட்டில் காட்டலாக்கேகூடப் பில்லில் கழிப்பதைவிடப் பரவாயில்லை. மிக்ஸி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இன்னொன்று வந்து பரணில் ஏறினால், அந்தப் பாயிண்ட்டின் மதிப்பு பூஜ்யம்.

இதில் கட்டணம் வேறு. ஒவ்வொரு முறை ரிடீம் செய்யும்போதும் 99 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பல வங்கிகள் வாங்குகின்றன. (ஜி.எஸ்.டி. என்றால் செங்கல்பட்டுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊர் வழியாகப் போகும் சாலைதான்; இங்கே அது வரி.) மொத்தம் 116 ரூபாய் 82 காசு. முதலில் பார்த்த 2,000 பாயிண்ட்காரர் 500 ரூபாய் வவுச்சர் எடுத்தால், கட்டணம் போக அவருக்கு நிற்பது 383 ரூபாய் 18 காசு. வருடம் முழுக்கச் சேர்த்ததில் கிட்டத்தட்ட கால் பங்கு மாற்றுக் கூலியாகவே போய்விடுகிறது. 8,000 பாயிண்ட் சேர்ந்தபின் ஒரே தடவையாக 2,000 ரூபாய்க்கு எடுத்தாலும் கட்டணம் அதே 116 ரூபாய் 82 காசுதான். ஆகவே சில்லறை சில்லறையாக எடுப்பது வீண்.

ரொம்ப நாள் சேர்த்துவைப்பதும் ஆபத்து. பல கார்டுகளில் பாயிண்ட்டின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம். அதற்குள் வங்கியே கணக்கை மாற்றிவிடவும் கூடும். சிம்ப்ளிகிளிக்கில் ஸ்விக்கி ஆர்டர்களுக்கு இருந்த 10 மடங்கு 2025 ஏப்ரலில் 5 மடங்காகக் குறைந்தது. வங்கிச் சேமிப்புபோல இதற்கு வட்டி கிடையாது, விலைவாசியில் தேய்வது மட்டும் உண்டு.

ஷாப்பிங் தளத்தில் பணம் கட்டும் பக்கத்திலேயே “பாயிண்ட்டைப் பயன்படுத்தவா?” என்று கேட்கும் வசதியைச் சற்று நிதானித்துத்தான் தொட வேண்டும். அங்கே காட்டும் விகிதம் வவுச்சர் விகிதத்தைவிடக் குறைவாக இருக்கலாம். பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனையில் இன்னொரு சிக்கல்: கார்டுக்கான 10 சதவீத உடனடித் தள்ளுபடிக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். பாயிண்ட்டால் கழித்தபின் கார்டில் விழும் தொகை அந்த வரம்புக்குக் கீழே போனால், 200 ரூபாய் பாயிண்ட்டுக்காக 500 ரூபாய்த் தள்ளுபடி கைவிட்டுப் போகலாம்.

கைமேல் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு பெரியது என்பதற்கு மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் டிக்கெட்டே நல்ல அளவுகோல். தொல்லியல் துறையின் 2018ஆம் ஆண்டுக் கட்டண முறைப்படி இந்தியருக்கு ரொக்கமாக 40 ரூபாய், ரொக்கமில்லாமல் கட்டினால் 35. ஐந்து ரூபாய் சிறிதுதான். ஆனால் அது பன்னிரண்டரை சதவீதம். எந்தப் பாயிண்ட் திட்டமும் சாதாரணச் செலவில் அதன் பக்கத்தில்கூட வராது.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் பில் முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டுபவருக்கு. “மினிமம் டியூ” மட்டும் கட்டுபவருக்கு வேறு கணக்கு. நிலுவைக்கு மாத வட்டி மூன்றரை முதல் மூன்றே முக்கால் சதவீதம் வரை போகிறது. 10,000 ரூபாய் ஒரு மாதம் நின்றால் 350 ரூபாய் வட்டி, அதன் மேல் 63 ரூபாய் வரி. அந்த 10,000 ரூபாய்க்குக் கால் சதவீதக் கார்டில் கிடைத்த பாயிண்ட்டின் மதிப்பு 25 ரூபாய். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

“உங்கள் 9,000 ரூபாய் பாயிண்ட் இன்றோடு காலாவதி” என்று குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் லிங்க், வேறு வகைக் கொள்ளை. பாரத ஸ்டேட் வங்கியின் பெயரில் ஏ.பி.கே. என்னும் ஆப் கோப்பை அனுப்பி இறக்கச் சொல்லும் மோசடி பற்றி மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024இல் எச்சரித்தது. பாயிண்ட்டைப் பார்க்க வேண்டுமானால் வங்கியின் சொந்த ஆப்பில் பார்ப்பதே வழி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கார்டு வேண்டாம் என்று முடிவெடுப்பவர் முதலில் பாயிண்ட்டை எடுத்துவிட்டு, பிறகு மூடக் கேட்பது நல்லது. கார்டு மூடப்பட்டால் மிச்சப் பாயிண்ட் பெரும்பாலும் அதோடு போய்விடும். நிலுவை இல்லாத கார்டை மூடக் கேட்டபின் வங்கி ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்பதும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் கிடக்கும் கார்டை வங்கியே, முன்கூட்டித் தெரிவித்து 30 நாட்களில் பதில் வராவிட்டால், மூடிவிடலாம். அலமாரியில் மறந்துபோன பழைய கார்டின் பாயிண்ட்டை ஆப்பில் திறந்து பார்க்க அதுவே போதுமான காரணம்.