சேர்ந்து படிக்க ஆள் இருக்கா?

1970களின் நடுவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மனை ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. முதலாண்டு கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? அதே பாடத்தைச் சீன வம்சாவளி மாணவர்கள் எப்படிச் சுலபமாகத் தாண்டுகிறார்கள்? பேராசிரியர்களிடம் கேட்டார். அக்கறை போதாது, பள்ளியில் அடிப்படை சரியில்லை, வீட்டில் படிக்கவைக்க ஆள் இல்லை, வறுமை என்று காரணங்கள் வந்தன. நம்மூர் ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் இதே நான்கு பதில்கள்தான் கிடைக்கும்.

ட்ரைஸ்மன் இரு தரப்பிலும் 20 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தங்குமிடத்துக்கே போய், எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கவனித்தார். காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். பிள்ளையைக் கரைசேர்க்க வீட்டார் படாதபாடு பட்டிருந்தார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொன்னதை நம்பி, வாரம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தார்கள். ஆனால் தனியாக. அந்த 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களுடன் சேர்ந்து படித்ததே இல்லை.

சீன வம்சாவளி மாணவர்களும் அதே எட்டு, பத்து மணி நேரம் தனியாகப் படித்தார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். மாலையில் ஒன்றுகூடுவார்கள், பல நேரம் சாப்பாடும் அங்கேயே. ஒருவர் நோட்டை ஒருவர் வாங்கி விடைகளைச் சரிபார்ப்பார்கள். ஒருவருக்கு மட்டும் விடை வேறாக வந்திருந்தால், எங்கே சறுக்கினோம் என்று அவர் அப்போதே தேடிக்கொள்வார். ஆளுக்கொரு விடை வந்திருந்தால், கணக்கே கொடூரமானது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பழைய வினாத்தாள்களை வைத்துப் பரீட்சையும் நடத்திக்கொள்வார்கள். தனியாகப் படித்த மாணவருக்கோ, தனக்குப் புரியவில்லையா, கணக்கு எல்லாருக்குமே கடினமா என்பது பரீட்சை முடிவு வரும்வரை தெரியாது. தெரிந்த பிறகு, கணக்கு தனக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவார்.

ட்ரைஸ்மன் கண்ட மருந்து, பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு அல்ல. அப்படி ஒரு வகுப்பு ஏற்கெனவே இருந்தது. தன்மானமுள்ள மாணவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. திறமைசாலிகளுக்கான பட்டறை என்று அறிவித்து, ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களிடம் சாதாரண வீட்டுப்பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். குழுவாக உட்கார்ந்து சண்டை போட்டால்தான் முடியும் என்ற வகைக் கணக்குகள். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது.

சேர்ந்து படிக்கும் இந்தப் பழக்கத்தை மாணவரின் அதிர்ஷ்டத்துக்கு விடாமல் கால அட்டவணையிலேயே பொருத்திவிடும் ஏற்பாடு ஒன்று அமெரிக்கக் கல்லூரிகளில் உண்டு. அதுதான் கற்றல் குழுமம். இது ஏன் தேவைப்பட்டது என்று புரிய, அங்குள்ள முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மாணவர் ஒவ்வொரு பாடத்தையும் தானே தேர்ந்தெடுக்கிறார். காலை உளவியல் வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் மதியம் வேதியியலில் இருக்க மாட்டார். பெரிய பல்கலைக்கழகம் என்றால் ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கானோர். ஒரு செமஸ்டர் முழுக்க யாரிடமும் பேசாமலே ஒரு மாணவர் வந்து போகலாம். காணாமல்போனாலும் கவனிக்க ஆள் இல்லை. கல்லூரிப் படிப்பைக் கைவிடுவது பற்றி 1975 முதல் எழுதிவந்த சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ சொன்னதன் சாரம் இதுதான்: படிப்பிலும் பழகுவதிலும் கல்லூரியோடு ஒட்டாதவரே அதிகம் வெளியேறுகிறார்.

கற்றல் குழுமத்தில் 20, 25 முதலாண்டு மாணவர்கள் ஒரே குழுவாக இரண்டு மூன்று பாடங்களைச் சேர்ந்தே எடுப்பார்கள். அந்தப் பாடங்களை நடத்தும் ஆசிரியர்கள் கலந்துபேசி, ஒரு வகுப்பில் படித்ததை இன்னொரு வகுப்பில் பயன்படுத்த வழிசெய்வார்கள். சாரம் அவ்வளவுதான். வடிவங்கள் பல: சில இடங்களில் குழுவினர் விடுதியில் ஒரே தளத்தில் தங்குவார்கள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூத்த மாணவர் வாராவாரம் வகுப்பெடுப்பார்.

எண்ணம் பழையது. 1927இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் மைக்கல்ஜான் ஒரு சோதனைக் கல்லூரி தொடங்கினார். முதல் ஆண்டு முழுக்கப் பண்டைய ஏதென்ஸ். இரண்டாம் ஆண்டு முழுக்க அமெரிக்கா. தனித்தனிப் பாடங்களே கிடையாது. ஐந்தே ஆண்டில், 1932இல் மூடப்பட்டது. ஆனால் மைக்கல்ஜானின் மாணவரான ஜோசப் டஸ்மன் 1965இல் பெர்க்லியில் அதே பாணியில் ஒன்றைத் தொடங்கினார். 1971இல் திறந்த எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி இந்த முறையையே தன் அடித்தளமாக்கிக்கொண்டது.

சரி, பலன் உண்டா? கேட்க இனிமையான யோசனைகள் கல்வித் துறையில் ஏராளம். அளந்து பார்த்தவை குறைவு. இதை அளந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள கிங்ஸ்பரோ சமுதாயக் கல்லூரியில் 2003 முதல் சேர்ந்த சுமார் 1,500 முதலாண்டு மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வழக்கமான முறையில் படித்தது. மறுபாதி, அதிகபட்சம் 25 பேர் கொண்ட குழுக்களாக, ஆங்கிலம், உளவியல் போன்ற ஒரு முக்கியப் பாடம், கல்லூரி அறிமுகப் பாடம் ஆகிய மூன்றையும் சேர்ந்து எடுத்தது. கூடவே பயிற்சியாளர் ஒருவர், பாடநூல் வாங்கக் கூப்பன். இது நடந்தது ஒரே ஒரு செமஸ்டர். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுமத்தில் இருந்தவர்களில் 100க்கு 36 பேர் பட்டம் பெற்றிருந்தார்கள்; மற்றவர்களில் 31 பேர். இந்த வித்தியாசத்தை ஆய்வாளர்களே அடக்கித்தான் சொன்னார்கள். ஆனாலும் ஒரு செமஸ்டர் செலவுக்கு இது மோசமில்லை.

பிறகு கிங்ஸ்பரோ உட்பட ஆறு சமுதாயக் கல்லூரிகளில் இதை விரிவாகச் சோதித்தார்கள். 2012இல் வந்த முடிவு உற்சாகத்தைக் குறைத்தது. குறிவைத்த பாடத்தில் சராசரியாக அரை கிரெடிட் கூடுதல். கல்லூரியில் நீடிப்பதில் மாற்றமே இல்லை. மாணவர்களை ஒரே அறையில் உட்காரவைப்பது சுலபம். ஆங்கில ஆசிரியரும் கணித ஆசிரியரும் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதுதான் கடினம். பாடங்களை இணைப்பதில்தான் அந்தக் கல்லூரிகள் பெரிதும் திணறின.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? அமெரிக்கா பணம் செலவழித்து உருவாக்கும் பாதி ஏற்பாடு நம் பொறியியல் கல்லூரிகளில் சும்மாவே கிடைக்கிறது. 60 பேர் கொண்ட செக்‌ஷன், ஆண்டு முழுக்க ஒரே அறை, ஒரே அட்டவணை. இல்லாதது மறுபாதி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸும் கால்குலஸும் இருந்தன, பைத்தான் புரோகிராமிங் இருந்தது, இயற்பியலும் ஆங்கிலமும் இருந்தன. கணக்கு வகுப்பில் மேட்ரிக்ஸ் நடக்கும் வாரத்தில் பைத்தான் லேபிலும் மேட்ரிக்ஸையே போடச் சொன்னால் என்ன? இயற்பியல் லேப் ரிப்போர்ட்டை ஆங்கில ஆசிரியர் திருத்தினால் என்ன? காசு எதுவும் ஆகாது. இரண்டு துறைகள் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். (அதுதான் எங்கும் நடக்காத காரியம் என்று ஆசிரியர்கள் சிரிப்பது கேட்கிறது.)

புதியவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்றும், 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்றும் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. நல்ல விதி. பல கல்லூரிகளில் அது ஆடிட்டோரியம் பேச்சுகளாகவும் கையெழுத்து வாங்கும் மென்டர் நோட்டாகவும் சுருங்கிப்போனது. தமிழ்நாட்டில் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் தொழிற்கல்விக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். சீட்டு கொடுத்தாகிவிட்டது, கணக்கில் முதல் அரியர் விழும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அவர்களை மட்டும் பிரித்து மாலை வகுப்பில் உட்காரவைத்தால், பெர்க்லியில் ஆள் வராத வகுப்பின் கதைதான் இங்கும். எல்லாரையும் கலந்து ஆறாறு பேராகப் பிரித்து, கடினமான கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கம்பைன் ஸ்டடி என்றால் அரட்டை என்றுதான் நம் வீடுகளில் சந்தேகம். பாதி நேரம் அது உண்மையும்கூட. ஆனால் தனியாக எட்டு மணி நேரம் படித்த பிறகு நான்கு பேர் கூடி விடைகளை ஒப்பிடுவது வேறு. இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் பிள்ளையிடம் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்பதோடு, யாருடன் படித்தாய் என்றும் கேளுங்கள்.