அடியிலே என்ன போடறது, ஸார்?

கடல்மீன் தொட்டி வைக்கிற பைத்தியம் ஒருவரைப் பிடித்தால் முதலில் கரைவது அவருடைய பிராவிடண்ட் ஃபண்ட். விளக்குக்கு ஒரு மாதச் சம்பளம். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கு இன்னொரு மாதச் சம்பளம். உப்புக்குத் தனியாக (ஆமாம் ஸார், உப்பையும் காசு கொடுத்துத்தான் வாங்கணும்!). இத்தனையும் வாங்கிவிட்டு, அடியில் பரப்புகிற மணல் என்று வரும்போது மட்டும் நம் ஆளுக்குத் திடீரென்று சிக்கனம் பிறக்கும். ‘மணல்தானே? மெரினாவில் கொட்டிக் கிடக்கு. ஒரு சாக்கு, ஒரு ஆட்டோ... முடிஞ்சது மேட்டர்!’

முடியாது. விளக்கு சரியில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். மணலை மாற்ற வேண்டுமென்றால் பாறை, பவளம், மீன் அத்தனையையும் பக்கெட்டுகளுக்குக் குடிபெயர்க்க வேண்டும். அதில் பாதி திரும்பி வராது. ஆகவே கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற அளவுக்காவது இதற்கும் மெனக்கெடலாம்.

முதலில், அந்த மணல் அழகுக்காக மட்டும் போடும் சமாசாரம் இல்லை. அது ஒரு ஆபீஸ். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற ஃபைலை ஒரு பாக்டீரியா செக்‌ஷன் நைட்ரைட்டாக மாற்றும். அடுத்த செக்‌ஷன் அதை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஃபைலையே மூடுகிற மூன்றாவது செக்‌ஷன் இருக்கிறதே, அது ஆக்ஸிஜன் எட்டாத இடத்தில்தான் வேலை செய்யும். அப்படிப்பட்ட இடம் கிடைப்பது பாறையின் உள்துளைகளில் அல்லது மணலின் ஆழத்தில்.

எவ்வளவு ஆழம் என்பதில்தான் ரசிகர்களுக்குள் தகராறு. நான்கிலிருந்து ஆறு அங்குலம் பொடிமணல் போட்டுப் புழு பூச்சிகளிடம் ஒப்படைத்துவிடு என்கிறது ஒரு கோஷ்டி. பிரெஞ்சு விஞ்ஞானி ஜான் ஜோபேர் 1980களில் இன்னொரு வழி சொன்னார்: கண்ணாடிக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு ஒரு சல்லடை, அதன்மேல் மணல். சல்லடைக்கடியில் தேங்கும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மூன்றாவது செக்‌ஷன் குடியேறும். மூன்றாவது கோஷ்டி ‘மணலே வேண்டாம், வெறும் கண்ணாடி போதும்’ என்கிறது. சுத்தம் செய்ய அதுதான் சுலபம். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஆழ மணலில் ஒரு வில்லங்கம் உண்டு. வருஷக்கணக்கில் அடியில் அழுக்கு சேர்ந்து ஆங்காங்கே கறுப்புத் திட்டு விழும். அதைக் கிளறினால் அழுகின முட்டை வாசனை வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீனுக்கு அது விஷம். ஊருக்குப் போயிருக்கும்போது தங்கச்சி பையன் ஸ்கேலை விட்டுக் கிண்டினால் கதை கந்தல். வாரம் ஒருநாள் டியூப் போட்டு அழுக்கை உறிஞ்சி எடுக்கிற பொறுமை இருப்பவருக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் மணல் போதும். பாக்கி வேலையைப் பாறை பார்த்துக்கொள்ளும். என் ஓட்டு இதற்குத்தான்.

பருமனும் முக்கியம். சர்க்கரை மாதிரிப் பொடியென்றால் பம்ப் அடிக்கிற வேகத்தில் பறந்து போய்ப் பவளத்தின் தலையில் உட்காரும். புளியங்கொட்டை சைஸ் என்றால் சந்து சந்தாக மீன் தீனி சிக்கி அழுகி நைட்ரேட்டாகும். ரவைக்கும் ஜவ்வரிசிக்கும் நடுவே, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். மணலில் புதைந்து தூங்குகிற மீன் வளர்ப்பதானால் இன்னும் சன்னமாக எடுக்கலாம். கூரான துண்டுகளில் அது உடம்பைக் கீறிக்கொள்ளும்.

சரி, எந்த மணல்? கடையில் ‘அரகோனைட்’ என்று கேளுங்கள். கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். பவளத்தின் எலும்புக்கூடே அதுதான். பஹாமாஸ் பக்கத்து மணலில் ஒவ்வொரு மணியும் மீன் முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். ‘இதைப் போட்டா பி.ஹெச். தானா நிக்கும் ஸார்’ என்று கடைக்காரர் சொல்வதைப் பாதி நம்புங்கள். தொட்டித் தண்ணீர் எட்டுக்கு மேலே இருக்கும்போது அரகோனைட் லேசில் கரையாது. நன்றாகக் கீழே இறங்கினால்தான் கரைந்து கைகொடுக்கும்.

மெரினா மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுப் பாருங்கள்: அரகோனைட் புஸ்ஸென்று பொங்கும், குவார்ட்ஸ் கம்மென்று கிடக்கும். குவார்ட்ஸ் போட்டால் பழுப்புப் பாசி பிடிக்கும் என்று பயமுறுத்துவது கொஞ்சம் மிகை, அது அவ்வளவு சுலபத்தில் கரைகிற ஜாதியில்லை. எனக்குப் பயம் வேறு. அந்தக் கரையில்தான் கூவம் கடலில் கலக்கிறது. அதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை.

சில பேர் இதைக் கேட்டதும், ‘அப்ப மண்டபம் பக்கம் போய்ப் பவளத்தையே கொண்டாந்து உடைச்சுப் போட்டா?’ என்பார்கள். ஐயா, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளத்தை வருஷக்கணக்கில் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அதாவது புலிக்கு இருக்கிற அதே அந்தஸ்து. மாட்டினால் மூன்று வருஷத்துக்குக் குறையாத, ஏழு வருஷம் வரை போகக்கூடிய சிறைத்தண்டனை. ‘செத்துப்போய்க் கரை ஒதுங்கின துண்டுதான்’ என்ற சமாதானம் எடுபடாது. கொளத்தூரிலோ வேறெங்கோ ‘நம்ம ஊர் லைவ் ராக், அசல் ராமேஸ்வரம் சரக்கு’ என்று யாராவது காதோரம் கிசுகிசுத்தால் மரியாதையாக பஸ் ஏறிவிடுங்கள். சிமென்ட்டிலும் பீங்கானிலும் செய்த செயற்கைப் பாறை இருக்கிறது. சில மாதத்தில் பாக்டீரியா அதிலும் குடியேறிவிடும்.

கணக்குக்கு வருவோம். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலத் தொட்டியில் இரண்டு அங்குலம் பரப்ப ஏறக்குறைய முப்பது கிலோ பிடிக்கும். பில் கேட்டு வாங்குங்கள். காய்ந்த மணலைத் தண்ணீர் தெளிகிறவரை அலசுங்கள். பாக்டீரியாவோடு ஈரமாக பாக்கெட்டில் வருவதை மட்டும் அலசக்கூடாது, காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியா சாக்கடைக்குப் போய்விடும். பாறையை முதலில் கண்ணாடி மேலேயே நிறுத்திவிட்டுச் சுற்றிலும் மணல் போட வேண்டும். மாற்றிச் செய்தால் வளை தோண்டுகிற இறால் ஒருநாள் அஸ்திவாரத்தையே பறித்துவிடும், பாறை சரியும், அது தொட்டிக் கண்ணாடியில் மோதுகிற நேரம் பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணியாக இருக்கும்.

தண்ணீரை ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றுங்கள். அப்படியும் இரண்டொரு நாள் தொட்டி மோர் மாதிரிதான் தெரியும். வீட்டில் ‘இதுக்கா இவ்வளவு செலவு?’ என்பார்கள். பேசாமல் இருங்கள், தெளிந்துவிடும்.