குழந்தையின் காதுக்குள் குழாய்: எப்போது தேவை?

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். பள்ளியில் கவனம் இல்லை என்கிறார்கள். இதையெல்லாம் பிடிவாதம் என்று நினைத்து நாம் பிள்ளையைக் கண்டிக்கிறோம். உண்மையில் அவனுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம்.

நடுக்காதையும் தொண்டையின் பின்பகுதியையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. குழந்தைகளுக்கு இது குறுகலாக இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். அப்போது காது ஜவ்வுக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. கேட்கும் திறன் மட்டும் குறையும்.

இதற்கு ஜவ்வில் சிறு துளையிட்டு, 'கிரோமெட்' எனப்படும் மிகச் சிறிய குழாயைப் பொருத்துகிறார்கள். அதன் வழியே நடுக்காதுக்குக் காற்று சென்று, நீர் தேங்குவது நிற்கிறது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் சிறிய அறுவை சிகிச்சை இது. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இது தேவைப்படாது.

எப்போது பொறுத்திருக்கலாம்?

நீர் தேங்கி 3 மாதங்கள் ஆகவில்லை என்றால் காத்திருப்பதே நல்லது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே வற்றிவிடும். வலியற்ற இந்த நீருக்கு ஆன்டிபயாடிக், சளி மாத்திரைகள் பலன் தருவதில்லை.

எப்போது தேவைப்படலாம்?

• இரு காதுகளிலும் 3 மாதங்களுக்கு மேல் நீர் தேங்கி, பரிசோதனையில் கேட்கும் திறன் குறைந்திருந்தால்

• 6 மாதங்களில் 3 முறை அல்லது ஓர் ஆண்டில் 4 முறை காதில் சீழ்த் தொற்று வந்து, பரிசோதிக்கும்போதும் நடுக்காதில் நீர் இருந்தால்

• அண்ணப்பிளவு, டவுன் சிண்ட்ரோம், பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டியிருக்கும்

பொருத்திய பிறகு

பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள் குழாய் தானாகவே விழுந்துவிடும். சிலருக்கு ஜவ்வில் துளை மூடாமல் போகலாம். காதில் சீழ் வடிந்தால் மருத்துவர் தரும் சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும். குளிப்பதற்கும் ஒளூ செய்வதற்கும் பொதுவாகத் தடையில்லை. நீச்சல் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வோம். காதில் எண்ணெய் மட்டும் ஊற்றவே கூடாது.

அறுவை சிகிச்சை வேண்டும் என்றதும் பயந்து ஓடவும் வேண்டாம், கேள்வி கேட்காமல் சம்மதிக்கவும் வேண்டாம். "எத்தனை மாதமாக நீர் இருக்கிறது? செவித்திறன் பரிசோதனை என்ன சொல்கிறது?" என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்போம். பேச்சு வளரும் வயதில் காது மங்கலாகவே கேட்டால், பிள்ளையின் மொழியும் படிப்பும் பின்தங்கக்கூடும். எனவே காத்திருக்கும் மாதங்களிலும் மறுபரிசோதனையைத் தவறவிடாமல், அருகில் சென்று முகம் பார்த்துப் பேசுவோம்.