பெயின்ட் அடிக்கவும் லைசென்ஸா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 67 கவுன்ட்டிகள். சொந்த ஊரில் லைசென்ஸ் வாங்கிய பெயின்டர், பக்கத்து கவுன்ட்டியில் வேலை பார்க்க மறுபடியும் லைசென்ஸ், மறுபடியும் கட்டணம் என்று அலைய வேண்டியிருந்தது.

2021-ல் மாநில அரசு கொண்டுவந்த சட்டம் இதை மாற்றியது. பெயின்டிங், டைல்ஸ், பூச்சு வேலை, அலமாரி போன்றவற்றுக்கு உள்ளாட்சிகள் லைசென்ஸ் கேட்கக் கூடாது என்றது. மற்ற உள்ளூர் லைசென்ஸ்களுக்கும் 2023 ஜூலை 1 வரையே ஆயுள் என்றது.

அங்கேதான் சிக்கல். கடலோரத் தடுப்புச் சுவர் போன்ற சில வேலைகளுக்கு மாநில அளவில் தனி லைசென்ஸே இல்லை. உள்ளூர் லைசென்ஸும் போனால் அந்தத் தொழிலாளிகள் என்ன செய்வார்கள்? அதனால் கெடு இரண்டு முறை தள்ளிப்போய் 2025 ஜூலை 1 ஆனது. இடையில், இந்த வேலைகளுக்குப் புதிய லைசென்ஸ் பிரிவுகளை உருவாக்கும்படி மாநில வாரியத்துக்கு உத்தரவிடப்பட்டது.

தொழிலாளிக்கு அலைச்சல் குறைந்தது. வீட்டுக்காரருக்குப் பொறுப்பு கூடியது. பெயின்டர் நல்லவரா என்பதை இனி அவரேதான் விசாரிக்க வேண்டும். பேசியதை எழுத்தில் வாங்குவது, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல் இருப்பது... இவைதான் காப்பு.

எலெக்ட்ரிக்கல், பிளம்பிங், கூரை போன்ற வேலைகளுக்கு லைசென்ஸ் இன்றும் கட்டாயம்!