தீர விசாரிப்பதே மெய்



“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது முன்னோர் வாக்கு. காதால் கேட்பது பொய்யாகலாம். கண்ணால் காண்பது எங்ஙனம் பொய்யாகும் என நீங்கள் வினவலாம். அதற்கு நம் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று உண்டு.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், கொரோனா நோய்ப் பரவல் காரணமாக அரசாங்கம் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்த்தியது. உடனே மக்கள் பேரங்காடிகளில் திரண்டு அரிசியையும் மீ வகைகளையும் அள்ளிச் சென்றனர். வெறுமையான அடுக்குகளின் படங்கள் கைப்பேசிகளில் பறந்தன. படத்தைக் கண்டவர் அஞ்சினர். அஞ்சியவர் கடைக்கு ஓடினர். மேலும் பல அடுக்குகள் வெறுமையாயின. படம் பொய்யன்று. ஆனால், ‘நாட்டில் உணவு தீர்ந்துவிட்டது’ என அதிலிருந்து கொண்ட பொருளே பொய். படம் அடுக்கைக் காட்டியது. போதிய இருப்புடன் இருந்த கிடங்கைக் காட்டவில்லை.

வதந்தியின் தீமை இதனினும் பெரிதாவதுண்டு. 1964 ஜூலை 21ஆம் நாள் இனக்கலவரம் மூண்டபோது, வதந்திகள் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தன. அவற்றைக் களைந்து மக்களிடையே நம்பிக்கையை வளர்க்கத் தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்நாளையே நாம் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறோம்.

அவ்வாறாயின், செய்தியை எவ்வாறு ஆராய்வது? தேசிய நூலக வாரியம் 2013இல் தொடங்கிய இயக்கம் நான்கு படிகளைக் கற்பிக்கிறது. அவற்றை நான்கு வினாக்களாக நினைவிற் கொள்ளலாம்:

1. இச்செய்தி எங்கிருந்து வந்தது?
2. இது நடந்த நிகழ்ச்சியா, ஒருவரது கருத்தா?
3. நம்பத்தக்க வேறு இடங்களிலும் இது வந்துள்ளதா?
4. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் ஏற்கத்தக்கதா?

பெற்றோர்களே! தேக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் சொத்தை உள்ளதா எனப் புரட்டிப் பார்த்தே வாங்குகிறோம். செய்தியை மட்டும் புரட்டிப் பாராமல் பிறருக்கு அனுப்பலாமா? வேலை முடிந்து இல்லம் திரும்பியதும், கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தியையேனும் பிள்ளைகளுடன் அமர்ந்து இந்நான்கு வினாக்களால் ஆராயுங்கள். “எனக்குத் தெரியவில்லை, இருவரும் தேடிப் பார்ப்போம்” எனக் கூறுவது இழுக்கன்று. அதுவே பிள்ளைக்குச் சிறந்த பாடமாகும்.

மாணவர்களே! தேர்தலில் வாக்களிக்க உங்களுக்கு 21 வயது நிரம்ப வேண்டும். ஆனால், ஒரு வதந்தியைத் தன்னோடு நிறுத்திவிட வயது வரம்பு ஏதுமில்லை. அக்குடிமைக் கடமையை இன்றே தொடங்குவோமாக!